பரிசோதனைத் தாளில் புதிதாக வந்த மூன்று வரிகள்: எல்பி சின்ன ஏ, ஹோமோசிஸ்டீன், சிஆர்பி. இவற்றுக்கு ஆய்வுச் சான்று எவ்வளவு?

நிலக்கோட்டை ஆசிரியை | 2024 டிசம்பர் 1, காலை 9.40

அனைவருக்கும் வணக்கம். சென்ற ஆவணியில் என் தம்பிக்கு மாரடைப்பு வந்தது. வயது 43. புகைப்பழக்கம் இல்லை, சர்க்கரை நோய் இல்லை, எடையும் அளவாகவே இருந்தது. எங்கள் தந்தையும் 51 வயதில் உறக்கத்திலேயே காலமானவர் என்பதால், வீட்டில் எல்லோரும் ஒருமுறை முழுப் பரிசோதனை செய்துகொள்வோம் என்று முடிவெடுத்து, முதல் ஆளாக நான் போனேன்.

வந்த தாளில் வழக்கமான கொழுப்பு அளவுகளுக்குக் கீழே, நான் முன்பு பார்த்திராத மூன்று வரிகள் சிவப்பு எழுத்தில் இருந்தன. எல்பி சின்ன ஏ என்கிற லிப்போபுரோட்டீன் ஏ 96 மில்லிகிராம், ஹோமோசிஸ்டீன் 23 மைக்ரோமோல், உயர்நுண்மை சிஆர்பி 11.4. மறுநாளே ஆய்வகத்திலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்து, இவை மூன்றும் "இதயத்துக்கான புதிய எச்சரிக்கைகள்" என்றும், மூன்றையும் இறக்குவதற்குத் தங்களிடமே ஆறு மாத மாத்திரைத் தொகுப்பு இருப்பதாகவும் கூறினார். விலையைக் கேட்டதும் இணைப்பைத் துண்டித்துவிட்டேன். ஆனால் சந்தேகம் போகவில்லை. இந்த மூன்றும் உண்மையிலேயே நோயை உண்டாக்குபவையா, அல்லது நோயாளிகளிடம் உடன் காணப்படுபவை மட்டும்தானா? விவரம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

பழைய ஸ்டெதஸ்கோப் | டிசம்பர் 1, இரவு 8.15

அம்மா, உங்கள் கடைசி வாக்கியத்தில் இருக்கும் கேள்விதான் இதய மருத்துவ ஆராய்ச்சியின் ஐம்பதாண்டு வழக்கு. நான் பொது மருத்துவத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன். தெரிந்த அளவில் எழுதுகிறேன்.

ஒரு பொருள் நோயாளிகளின் ரத்தத்தில் கூடுதலாக இருப்பதைக் கண்டுபிடிப்பது எளிது. அதைக் குறைத்தால் நோயும் குறைகிறதா என்பதை நிறுவுவதுதான் கடினம். "நல்ல கொழுப்பு" என்று நாம் சொல்லிப் பழகிய எச்டிஎல் குறைவாக இருப்பவர்களுக்கு மாரடைப்பு அதிகம் என்பதை எத்தனையோ ஆய்வுகள் காட்டின. அப்படியானால் அதை ஏற்றிவிடலாமே என்று டார்செட்ராபிப் என்ற மருந்தை உருவாக்கி, 15,067 பேரிடம் சோதித்தார்கள். எச்டிஎல் 72 சதவீதம் ஏறியது. ஆனால் 2006 டிசம்பரில் அந்த ஆய்வை இடையிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. இறுதிக் கணக்கில் மருந்து எடுத்தவர்களில் 93 பேரும், எடுக்காதவர்களில் 59 பேரும் இறந்திருந்தார்கள். தாளில் எண் அழகாகிவிட்டது, ஆள் பிழைக்கவில்லை.

இந்தப் பாடத்தை வைத்துக்கொண்டு உங்கள் மூன்று வரிகளையும் பார்த்தால், மூன்றுக்கும் ஒரே மதிப்பு இல்லை. என் கணிப்பில் எல்பி சின்ன ஏ காரணிதான், உடலில் அழற்சி இருந்தால் ஏறும் சிஆர்பி அறிகுறிதான், ஹோமோசிஸ்டீன் இரண்டுக்கும் நடுவில், பக்கவாதத்தின் பக்கமாகச் சற்றுச் சாய்ந்து நிற்கிறது.

எல்பி சின்ன ஏ-யை நார்வேயைச் சேர்ந்த கோரே பெர்க் 1963-இல் கண்டறிந்தார். கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல் துகளைப் போன்ற ஒரு துகளின் மேல் நீளமான புரதம் ஒன்று சுற்றிக்கொண்டிருக்கும். அந்தப் புரதம், ரத்தக் கட்டியைக் கரைக்கும் பிளாஸ்மினோஜன் என்ற புரதத்தின் சாயலில் இருப்பது 1987-இல் தெரியவந்தது. அதன் மடிப்புகளுக்குக் கிரிங்கிள் என்று பெயர். அது டென்மார்க்கில் நம் முறுக்கைப் போல் பின்னிச் சுடும் ஒரு பண்டத்தின் பெயர். எத்தனை முறுக்கு இருக்க வேண்டும் என்பதை மரபணு தீர்மானிக்கிறது. முறுக்குகள் குறையக் குறைய, கல்லீரல் அந்தத் துகளைக் கூடுதலாக உற்பத்தி செய்கிறது. எண்ணெயைக் குறைத்தாலும் நடைப்பயிற்சி செய்தாலும் இந்த எண் பெரிதாக அசையாததற்குக் காரணம் அதுதான். உலகில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இது 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது.

ஒரு சிறு எச்சரிக்கை. அதே தாளில் "அப்போ ஏ1" என்று இன்னொரு வரி இருக்கும். அது எச்டிஎல்லின் புரதம்; இதற்கும் அதற்கும் தொடர்பில்லை. இரண்டையும் குழப்பிக்கொண்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

புள்ளியியல் பித்தன் | டிசம்பர் 2, காலை 7.05

ஐயாவின் முடிவை ஏற்கிறேன். ஆனால் டார்செட்ராபிப் எடுத்துக்காட்டில் ஒரு குறை இருக்கிறது. அந்த மருந்து ரத்த அழுத்தத்தையும் ஏற்றியது. ஆகவே அதன் தோல்வியை எச்டிஎல்லின் தலையில் மட்டும் சுமத்த முடியாது. எச்டிஎல் ஏறுவதால் மட்டும் பயனில்லை என்பதற்கு அதைவிட வலுவான சான்று மரபணுவிலிருந்து வந்தது. பிறவியிலேயே எச்டிஎல் கூடுதலாக இருக்கும்படி ஒரு மரபணு மாற்றத்தைப் பெற்றவர்களுக்கு மாரடைப்பு குறையவில்லை என்று 2012-இல் வெளியான ஆய்வு காட்டியது.

இந்த முறையைச் சற்று விளக்குகிறேன். தாய் தந்தையிடமிருந்து எந்த மரபணு நமக்கு வரும் என்பது கோயிலில் போடும் திருவுளச்சீட்டைப் போன்றது. வசதி, உணவு, புகைப்பழக்கம் என்று எதையும் பார்த்து அந்தச் சீட்டு விழுவதில்லை. எனவே ஒரு பொருளை ரத்தத்தில் ஏற்றும் சீட்டு விழுந்தவர்களையும் விழாதவர்களையும் ஒப்பிட்டால், வாழ்க்கைமுறை தரும் குழப்பங்கள் பெரும்பாலும் நீங்கிவிடுகின்றன. கோபன்ஹேகனில் 40,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்து 2009-இல் இவ்வாறு பார்த்தபோது, எல்பி சின்ன ஏ-யை ஏற்றும் மரபணு உடையவர்களுக்கு மாரடைப்பும் கூடவே ஏறியது. சிஆர்பி-க்கு இதே சோதனையை வைத்தபோது அது தேறவில்லை. சிஆர்பி மரபணுவால் மட்டும் அளவு உயர்ந்திருப்பவர்களுக்கு இதயநோய் கூடவில்லை.

அம்பத்தூர் ஐயப்பாடு | டிசம்பர் 2, காலை 11.30

நண்பர்கள் கோபிக்கக் கூடாது. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு 2004-இல் என்ன சொன்னது? புகை, கொழுப்பு, அழுத்தம், சர்க்கரை, தொப்பை, மன உளைச்சல், காய்கனி, உடற்பயிற்சி, மது ஆகிய ஒன்பதும் சேர்ந்து ஆண்களின் மாரடைப்பு அபாயத்தில் 90 சதவீதத்தையும், பெண்களில் 94 சதவீதத்தையும் விளக்கிவிடுகின்றன என்றது. மீதமிருக்கும் பத்துக்காக ஆயிரக்கணக்கில் செலவழித்துப் புதிய பரிசோதனை எதற்கு? மேலும், நியாசின் என்ற வைட்டமின் மாத்திரை எல்பி சின்ன ஏ-யை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைத்தது. 25,673 பேரிடம் நடந்த ஆய்வில் அதனால் எந்தப் பயனும் இல்லை என்று 2014-இல் தெரிந்துவிட்டதே. குறைத்தும் பயனில்லை என்றால் அது எப்படிக் காரணியாகும்?

புள்ளியியல் பித்தன் | டிசம்பர் 2, மாலை 6.50

ஐயப்பாட்டாரின் இரண்டு கேள்விகளும் நியாயமானவை. முதலில் 90 சதவீதக் கணக்கு. ஒரே மாரடைப்புக்குப் புகையும் மரபணுவும் சேர்ந்தே காரணமாக இருக்கலாம். அப்போது அது இரண்டின் கணக்கிலும் எழுதப்படும். ஆகவே இந்தச் சதவீதங்களைக் கூட்டினால் நூறைத் தாண்டும். ஒன்பது காரணிகளுக்கு 90 போய்விட்டது, மற்றவற்றுக்குப் பத்துதான் மிச்சம் என்று கழித்துப் பார்ப்பது பிழை. அதே இன்டர்ஹார்ட் ஆய்வில் சேகரித்த ரத்தத்தைப் பின்னர் எடுத்துப் பார்த்து 2019-இல் வெளியிட்ட கட்டுரையில், எல்பி சின்ன ஏ 50 மில்லிகிராமைத் தாண்டிய தெற்காசியர்களுக்கு மாரடைப்பு வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காக இருந்தது. ஆய்வு செய்யப்பட்ட இனக்குழுக்களில் மிக வலுவான தொடர்பு நம்மவரிடம்தான் காணப்பட்டது. இன்டர்ஹார்ட்டில் தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வந்தது, மற்றவர்களுக்கு 59-ஐ ஒட்டி வந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இரண்டாவது, நியாசின். எல்டிஎல்லை 39 மில்லிகிராம் குறைப்பதால் கிடைக்கும் பயனை எல்பி சின்ன ஏ-யைக் குறைத்துப் பெற வேண்டுமானால், அதை ஏறக்குறைய 100 மில்லிகிராம் குறைக்க வேண்டியிருக்கும் என்று மரபணுத் தரவுகளை வைத்து 2018-இல் கணக்கிட்டார்கள். அளவு அதிகமில்லாத ஒருவரிடம் ஐந்தில் ஒரு பங்கைக் குறைப்பது சில மில்லிகிராம்தான். அதில் பயன் தெரியவில்லை என்பதால் காரணியே இல்லை என்று சொல்லிவிட முடியாது. குடத்து நீரை ஊற்றிக் கிணற்று மட்டம் ஏறவில்லை என்பது போலாகிவிடும்.

பழைய ஸ்டெதஸ்கோப் | டிசம்பர் 2, இரவு 9.20

பித்தன் அவர்கள் திருத்தியது சரி, நன்றி. மருந்து நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். எல்டிஎல்லைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை எல்பி சின்ன ஏ-யைக் குறைப்பதில்லை. சிலருக்குச் சற்று ஏற்றவும் செய்கிறது. கல்லீரலில் அந்தப் புரதம் உருவாவதையே தடுக்கும் ஊசி மருந்துகள் சோதனையில் உள்ளன. ஓல்பசிரான் என்ற ஊசி அளவை 95 சதவீதத்துக்கும் மேல் குறைத்ததாக 2022-இல் வெளியிட்டார்கள். ஆனால் எண் குறைவது வேறு, மாரடைப்பு குறைவது வேறு. அதை அறியத்தான் பெலகார்சென் என்ற மருந்தை வைத்து 8,323 பேரிடம் ஒரு பெரிய ஆய்வு நடந்துவருகிறது. ஆகவே அம்மா, இன்றைக்கு எவரேனும் அதை இறக்கும் மாத்திரைத் தொகுப்பு என்று விற்றால், அது இல்லாத சரக்கு.

அப்படியானால் ஏன் பார்க்க வேண்டும் என்று கேட்பீர்கள். இந்த எண் உயர்ந்திருப்பவர் மற்ற காரணிகளில் சலுகை எடுத்துக்கொள்ள முடியாது. எல்டிஎல்லை இன்னும் கீழே கொண்டுபோக வேண்டும், அழுத்தத்தை விடக் கூடாது. வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் போதும் என்று ஐரோப்பிய இதய மருத்துவ வழிகாட்டுதல் 2019-இல் கூறியது. ஆண்டுதோறும் பார்ப்பது வீண்செலவு. இந்த அளவில் ஐயப்பாட்டாரின் கோபம் எனக்கும் உண்டு.

நிலக்கோட்டை ஆசிரியை | டிசம்பர் 3, காலை 6.30

மிக்க நன்றி ஐயா. ஹோமோசிஸ்டீன் பற்றியும் சொல்லுங்கள். நான் சைவம். பால், தயிர் உண்டு.

பழைய ஸ்டெதஸ்கோப் | டிசம்பர் 3, பிற்பகல் 2.10

சைவம் என்றதுமே பாதி விடை கிடைத்துவிட்டது. பி12, ஃபோலிக் அமிலம் ஆகியவை போதாதபோது ஹோமோசிஸ்டீன் என்ற அமினோ அமிலம் ரத்தத்தில் தேங்குகிறது. தாவர உணவில் பி12 கிட்டத்தட்ட இல்லை. எனவே முதலில் பார்க்க வேண்டியது பி12 அளவைத்தான்.

இதன் கதை 1969-இல் தொடங்குகிறது. பிறவிக் கோளாறால் ஹோமோசிஸ்டீன் மிக அதிகமாக இருந்த குழந்தைகளின் ரத்தக்குழாய்கள் முதியவர்களுடையதைப் போல் தடித்திருந்ததைக் கண்ட கில்மர் மெக்கல்லி என்ற நோய்க்குறியியலாளர், எல்லோருடைய மாரடைப்பிலும் இதற்குப் பங்கு இருக்கலாம் என்றார். வைட்டமின் கொடுத்தால் குறைந்துவிடும் என்பதால் எல்லோருக்கும் ஆசை வந்தது. ஆனால் 2006-இல் இரண்டு பெரிய ஆய்வுகள் அந்த ஆசையைக் கலைத்தன. நார்வேயில் மாரடைப்பு வந்த 3,749 பேருக்குக் கொடுத்துப் பார்த்ததில் ஹோமோசிஸ்டீன் நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது, மாரடைப்பு குறையவில்லை. 5,522 பேரைக் கொண்ட ஹோப்-2 ஆய்விலும் மாரடைப்பில் மாற்றமில்லை. ஆனால் அதில் பக்கவாதம் மட்டும் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைந்திருந்தது.

அது தற்செயலா என்ற கேள்விக்குச் சீனாவிலிருந்து ஒரு விடை வந்தது. ரத்தக்கொதிப்பு இருந்து, பக்கவாதமோ மாரடைப்போ வந்திராத 20,702 பேரில் ஒரு பாதிக்கு அழுத்த மாத்திரையான எனலாப்ரில் மட்டும், மறு பாதிக்கு அதனுடன் 0.8 மில்லிகிராம் ஃபோலிக் அமிலமும் கொடுத்தார்கள். முதல் பக்கவாதம் 3.4 சதவீதத்திலிருந்து 2.7 சதவீதமாகக் குறைந்தது. முடிவு 2015-இல் வெளியானது. அமெரிக்காவில் 1998 முதல் தானிய மாவில் ஃபோலிக் அமிலம் கட்டாயமாகச் சேர்க்கப்படுகிறது. சீனாவில் அப்படி இல்லை. பற்றாக்குறை இருக்கும் இடத்தில் அதை நிரப்பினால் பயன் உண்டு. நிறைந்த இடத்தில் மேலும் ஊற்றினால் இல்லை என்றே நான் புரிந்துகொள்கிறேன். உங்களுக்கு பி12 குறைவாக இருந்தால், நரம்புக்கும் ரத்தத்துக்குமாக அதைச் சரிசெய்தே ஆக வேண்டும். ஒன்று கவனம்: பி12 பார்க்காமல் ஃபோலிக் அமிலத்தை மட்டும் விழுங்கினால், ரத்தசோகை மறைந்து நரம்புச் சேதம் சத்தமின்றித் தொடரும்.

அம்பத்தூர் ஐயப்பாடு | டிசம்பர் 4, காலை 10.00

சிஆர்பி வெறும் அறிகுறி என்கிறீர்கள். ஆனால் 27,939 அமெரிக்கப் பெண்களை 30 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வு இந்த ஆண்டுதான் வந்தது. அதில் எல்டிஎல்லையும் எல்பி சின்ன ஏ-யையும் விட சிஆர்பி-தான் பின்னாளைய நோயை நன்றாக முன்கூட்டிச் சொன்னது. இதை எப்படிப் புரிந்துகொள்வது?

புள்ளியியல் பித்தன் | டிசம்பர் 4, பிற்பகல் 1.25

முன்கூட்டிச் சொல்வதற்குக் காரணியாக இருக்க வேண்டிய தேவையில்லை. அடுப்பங்கரையிலிருந்து தீய்ந்த வாடை வந்தால் குழம்பு அடிப்பிடித்தது என்று உறுதியாகச் சொல்லலாம். மூக்கைப் பொத்திக்கொண்டால் குழம்பு தப்பிவிடாது. வாடை சிஆர்பி என்றால், தீ ரத்தக்குழாய்ச் சுவரில் நடக்கும் அழற்சி. அந்தத் தீயை அணைத்தால் என்ன ஆகும் என்பதை 2017-இல் கனக்கினுமாப் என்ற ஊசியை வைத்து 10,061 பேரிடம் பார்த்தார்கள். கொழுப்பு அளவில் எந்த மாற்றமும் இல்லாமலேயே மாரடைப்பும் பக்கவாதமும் சேர்ந்த கணக்கு 15 சதவீதம் குறைந்தது. அழற்சிக்கு நேரடிப் பங்கு உண்டு என்பதற்கு இதுவே முதல் தெளிவான சான்று. ஆனால் உயிரைப் பறிக்கும் தொற்றுகளும் கூடின, விலையும் மிக அதிகம். அதன் பிறகுதான் எல்லோருடைய பார்வையும் அழற்சியைத் தணிக்கும் மலிவான மருந்தான கோல்சிசின் பக்கம் திரும்பியது.

மூலனூர் வெள்ளாமை | டிசம்பர் 4, இரவு 9.45

கோல்சிசின் என்ற பெயரைப் பார்த்ததால் உள்ளே வருகிறேன். நான் மருத்துவம் படித்தவன் அல்ல. கண்வலிக்கிழங்கு சாகுபடி செய்பவன். செங்காந்தள் என்று நம் மாநில மலராகச் சொல்கிறார்களே, அதே கொடிதான். மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் பக்கத்தில் கிழங்கை நட்டுப் பந்தலில் ஏற்றிவிடுவோம். பூ தானாகச் சரியாகக் காய் பிடிக்காது. விடிந்ததும் ஆட்களை இறக்கி, மகரந்தத்தை ஒவ்வொரு பூவாகக் கையால் தொட்டு வைக்க வேண்டும்; வெயில் ஏறிவிட்டால் பயனில்லை. காய் வெளுத்துச் சுருங்கியதும் பறித்து, விதையை உலர்த்தி வியாபாரியிடம் கொடுக்கிறோம். அந்த விதையிலிருந்துதான் கோல்சிசின் எடுப்பதாகவும், மூட்டுவலி மருந்துக்குப் போவதாகவும் சொல்வார்கள். இதயத்துக்கும் போகிறதா? எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், கிழங்கைத் தின்றவர் பிழைப்பது அரிது என்பதுதான். ஆடு மாடுகூட அந்தப் பந்தலை ஒட்டி மேயாமல் பார்த்துக்கொள்வோம்.

பழைய ஸ்டெதஸ்கோப் | டிசம்பர் 5, காலை 8.00

மூலனூர்த் தம்பிக்கு வணக்கம். இந்த இழைக்கு உங்களைவிடப் பொருத்தமானவர் கிடைக்க மாட்டார். ஆம், இதயத்துக்கும் போகிறது. மாரடைப்பு வந்து ஒரு மாதத்துக்குள் இருந்த 4,745 பேருக்கு நாளொன்றுக்கு அரை மில்லிகிராம் கொடுத்த 2019 ஆய்வில், மறுபடி வரும் பாதிப்புகள் 7.1 சதவீதத்திலிருந்து 5.5 சதவீதமாகக் குறைந்தன. நாள்பட்ட இதயநோயாளிகள் 5,522 பேரிடம் 2020-இல் பார்த்தபோது 9.6 சதவீதம் 6.8 ஆனது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023-இல் இந்தப் பயன்பாட்டுக்கு ஒப்புதலும் தந்தது.

ஆனால் சென்ற மாதம் வெளியான கிளியர் ஆய்வைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. புதிதாக மாரடைப்பு வந்த 7,062 பேரிடம் அதே மருந்து. பாதிப்பு வந்தது மருந்து எடுத்தவர்களில் 9.1 சதவீதம் பேருக்கு, எடுக்காதவர்களில் 9.3 சதவீதம் பேருக்கு. கிட்டத்தட்ட சமம். ஆக, வழக்கு மறுபடி விசாரணைக்கு வந்துவிட்டது. தம்பி சொன்ன நச்சுத்தன்மை உண்மை: மருந்தளவுக்கும் நஞ்சளவுக்கும் இடைவெளி மிகக் குறுகியது, சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அது இன்னும் குறுகும். மருத்துவர் எழுதித் தராமல் எவரும் இதைத் தொடக் கூடாது.

ஆசிரியை அம்மா, உங்கள் சிஆர்பி 11.4 என்றீர்கள். 10-ஐத் தாண்டினால் இதயத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன், சளி, காய்ச்சல், பல்வலி ஏதாவது இருந்ததா என்று கேட்க வேண்டும். ஆறியபின் மறுபடி எடுங்கள்.

நிலக்கோட்டை ஆசிரியை | டிசம்பர் 5, மாலை 5.15

ஐயா, கடைவாய்ப் பல்லில் சீழ் வைத்திருந்தது. ரத்தம் கொடுத்த அன்று மாலைதான் பல் மருத்துவரிடம் போனேன். ஆய்வகத்தில் எவரும் அதைக் கேட்கவில்லை!

அம்பத்தூர் ஐயப்பாடு | டிசம்பர் 6, காலை 11.10

ரத்தக்குழாயில் பிளாஸ்டிக் இருப்பதாக இந்த ஆண்டு பெரிய செய்தியாக வந்ததே, அதுவும் இந்தப் பட்டியலில் சேருமா?

புள்ளியியல் பித்தன் | டிசம்பர் 6, இரவு 7.40

வாசலில் நிற்கிறது, இன்னும் உள்ளே வரவில்லை. இத்தாலியில் கழுத்து ரத்தக்குழாய் அடைப்பை அறுவையால் அகற்றிக்கொண்ட 257 பேரின் அடைப்புப் பொருளைச் சோதித்தபோது, 150 பேரிடம் பாலிஎத்திலீன் துகள்கள் இருந்தன. ஏறக்குறைய 34 மாதங்களில், துகள் இருந்தவர்களில் 20 சதவீதம் பேருக்கும் இல்லாதவர்களில் 7.5 சதவீதம் பேருக்கும் மாரடைப்போ பக்கவாதமோ மரணமோ நேர்ந்தது. வேறுபாடு பெரிதுதான். ஆனால் அறுவைக்கூடமே பிளாஸ்டிக்கால் நிறைந்தது. மாதிரியில் வெளியிலிருந்து துகள் கலக்க வாய்ப்புண்டு என்பதை ஆய்வாளர்களே ஒப்புக்கொண்டார்கள். மரபணுச் சீட்டும் இதற்குக் கிடையாது, குறைத்துப் பார்க்கும் சோதனையும் நடக்கவில்லை.

நுண்துகள் என்றால் காற்றில் இருப்பதைப் பற்றி எனக்குக் கூடுதல் கவலை. 2008 ஒலிம்பிக்குக்காகப் பெய்ஜிங்கில் ஆலைகளையும் வாகனங்களையும் கட்டுப்படுத்தியபோது, 125 இளம் மருத்துவர்களின் ரத்தத்தை முன்னும் இடையிலும் பின்னும் எடுத்துப் பார்த்தார்கள். காற்று தெளிந்த வாரங்களில் ரத்தம் உறைதலுக்கான குறியீடுகள் சில குறைந்தன. நோயே இல்லாத இளைஞர்களின் உடலிலேயே சில வாரங்களில் இந்த மாற்றம் தெரிந்தது. காற்றின் நுண்துகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வகுத்த ஆண்டு வரம்பு கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராம். நம் நாட்டின் வரம்பு 40. எந்த ஆய்வகத் தாளிலும் இதற்கென்று ஒரு வரி இல்லை.

நிலக்கோட்டை ஆசிரியை | டிசம்பர் 26, காலை 10.20

தாமதத்துக்கு மன்னிக்கவும், தேர்வுத்தாள் திருத்தும் பணி இருந்தது. மறுபரிசோதனை முடிவுகள் வந்துவிட்டன. சிஆர்பி 0.9. பி12 மிகக் குறைவாக இருந்ததால் எங்கள் ஊர் மருத்துவர் ஊசி தொடங்கியிருக்கிறார். தம்பிக்கு எல்பி சின்ன ஏ 118 என்று வந்தது. அவருடைய இதய மருத்துவர் ஸ்டேட்டினுடன் இன்னொரு மாத்திரையும் சேர்த்திருக்கிறார். அம்மாவுக்கும் எடுத்தோம். 74 வயதில் அவருக்கு வெறும் 11. அப்படியானால் இது அப்பாவிடமிருந்து வந்த சீட்டுதான் என்று தம்பி சொன்னபோது, அம்மா சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. தம்பி மகளுக்கு 14 வயது. அவளுக்கும் எடுக்க வேண்டுமா ஐயா?

பழைய ஸ்டெதஸ்கோப் | டிசம்பர் 26, இரவு 8.30

எடுக்கலாம் அம்மா, அவசரமில்லை. தந்தைக்கு 43 வயதில் மாரடைப்பு வந்த குடும்பத்தில் பிள்ளைக்கும் பார்ப்பது முறைதான். அளவு கூடுதலாக இருந்தாலும் இந்த வயதில் அதற்கென்று மாத்திரை எதுவும் வேண்டியிராது. அதைக் குழந்தையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பயந்துவிடப் போகிறாள். வெறும் வயிற்றோடு கூட்டிப்போக வேண்டாம். இட்லி சாப்பிட்டுவிட்டே போகலாம்.